ஒன்பதாம் கூண்டின் கறுப்பு

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்டவர்களுக்கு ஓர் அலுவலகம் கட்டிக்கொடுத்து, மேசை நாற்காலி போட்டு, கையில் ரப்பர் முத்திரையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதைக் கூண்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். முயல் இன ஆய்வு நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் கூண்டு கழுவிய மனிதர். ஆனால் அவர் சொல்லமாட்டார். கேட்டால் மீசையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்ப்பார். ஆகையால் நான் சொல்கிறேன்.

அந்த நிலையத்துக்கு ஒரே வேலை. குட்டி பிறப்பதற்கு முன்பே எந்த மாதிரியில் எத்தனை பிறக்கும் என்று சொல்லிவிடுவது. சொல்வதில் கஷ்டம் ஒன்றுமில்லை. சில கறுப்பு முயலுக்குள் வெள்ளை ஒளிந்திருக்கும். குட்டை முடிக்குள் நீள முடி ஒளிந்திருக்கும். இரண்டையும் ஒளித்துவைத்திருக்கும் ஆணையும் பெட்டையையும் சேர்த்தால், ஆளுக்கு நிறமும் முடியும் எழுதிய நான்கு விதச் சீட்டில் ஏதாவது ஒன்றைக் குட்டிக்குக் கொடுக்கும். நாலு நாலு பதினாறு கட்டம். அதில் ஒன்பது கட்டம் கறுப்புக் குட்டைமுடி, மூன்று கறுப்பு நீளமுடி, மூன்று வெள்ளைக் குட்டைமுடி, மிச்சம் ஒரே ஒரு கட்டம் வெள்ளை நீளமுடி. ஆயிரம், இரண்டாயிரம் என்று குட்டி பிறந்தால் ஏறக்குறைய இந்த வீதத்தில் வந்து நிற்கும். 'ஏறக்குறைய' என்ற சொல்லை மட்டும் நிலையத்தின் சுற்றறிக்கை ஒன்று பதினோரு வருஷத்துக்கு முன்பே நீக்கிவிட்டது.

நீக்கியவர் இயக்குநர். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் 'பதினாறு'. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று யாரோ அவரை வாழ்த்தியிருக்கவேண்டும், அவர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டுவிட்டார். நாற்காலிக்குப் பின்சுவரில் பதினாறு கட்டத்தை எண்ணெய் வர்ணத்தில் எழுதிவைத்திருந்தார். நிலையத்தில் ஊழியர்கள் பதினாறு பேர். காலை பத்தரைக்குத் தேநீர் வரும். ஒன்பது பேருக்குச் சூடாக, சர்க்கரையோடு. மூன்று பேருக்குச் சூடாக, சர்க்கரை இல்லாமல். மூன்று பேருக்கு ஆறிப்போய், சர்க்கரையோடு. ஒருவருக்கு ஆறிப்போய், சர்க்கரையும் இல்லாமல்.

அந்த ஒருவர் புல்லக்கா. முயல்களுக்குப் புல்லறுத்துப் போட்டு, நீளமுடிக்காரர்களுக்குச் சீவிவிடுகிற தற்காலிகப் பணியாளர். வயது நாற்பதுக்குள்தான், ஆனாலும் இயக்குநர்வரைக்கும் எல்லோருக்கும் அக்கா. பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிகம். பன்னிரண்டு வருஷமாக ஆறிய தேநீர். கூண்டுக்காரர் ஒன்பது பேரில் ஒருவர். ஆவி பறக்க உறிஞ்சும்போது எதிரே அவள் நின்றால் கொஞ்சம் திரும்பி நின்றுகொள்வார். அவ்வளவு வெட்கம் அவருக்கு அப்போதே உண்டு. அதற்குமேல் அப்போது தேவைப்படவில்லை.

அந்த வருஷம் மேலிடத்துத் தலைவர் வருகிறார் என்று தகவல் வந்தது. இயக்குநர் உடனே புதுக் கொட்டகை ஒன்று கட்டினார். பதினாறு கூண்டு. ஒவ்வொன்றின் நெற்றியிலும் தகரப் பலகை: ஒன்றிலிருந்து ஒன்பதுவரை 'கறுப்பு, குட்டைமுடி', பிறகு மூன்று, பிறகு மூன்று, கடைசியில் ஒன்று. பலகை காய்ந்து, ஆணி அடித்து, திறப்பு விழாவுக்கு நாடாவும் வாங்கி வைத்தாகிவிட்டது. குட்டிகள்தான் இன்னும் பிறக்கவில்லை.

பிறந்தன. இரண்டு பெட்டைகள் ஆளுக்கு எட்டாகப் பதினாறு போட்டன. ஆறு வாரத்தில் முடியின் நீளமும் தெரிந்துவிட்டது. கூண்டுக்காரர் எண்ணினார். கறுப்புக் குட்டைமுடி எட்டு. கறுப்பு நீளமுடி மூன்று. வெள்ளைக் குட்டைமுடி நான்கு. வெள்ளை நீளமுடி ஒன்று. மறுபடி எண்ணினார். புல்லக்காவும் எண்ணினாள்.

"அண்ணே, ஒண்ணுதானே தப்பு? போன தடவை பதினொண்ணு, ஒண்ணு, நாலுன்னு எப்படியோ வந்துச்சு. கடைசிக் கூண்டு காலியாவே கெடந்துச்சு. இது தங்கமாட்டம் வந்திருக்கு."

"தங்கமாட்டம் வந்து என்ன பண்ண? ஒம்பதாங் கூண்டுல யாரை உக்காரவைக்கிறது, நீ போய் உக்காருவியா?"

"பலகையை மாத்தி எழுதிட்டுப் போறாங்க."

கூண்டுக்காரர் சிரித்தார். பாவம், தற்காலிகம். முயலை மாற்றினாலும் மாற்றுவார்கள், பலகையை மாற்றுவார்களா?

தலைமை எழுத்தரிடம் போய்ச் சொன்னார். எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, ஒரு தாளை இயந்திரத்தில் செருகினார். சாயங்காலத்துக்குள் குறிப்பாணை வந்துவிட்டது: 'பிறந்திருக்கவேண்டிய கறுப்பு முயல் ஒன்று ஏன் பிறக்கவில்லை என்பதற்கும், அனுமதியின்றி வெள்ளை முயல் ஒன்று ஏன் பிறந்தது என்பதற்கும் மூன்று நாளில் விளக்கம் தரவும்.'

விளக்கம் யார் தருவது? தாய்தான் தரவேண்டும் என்று முடிவாயிற்று. மூன்று பேர் கொண்ட குழு பெட்டைகளில் மூத்ததற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தது. கேள்வித்தாளை எழுத்தர் உரக்கப் படித்துக் கூண்டுக்குள் நீட்டினார். முயல் அதை மோந்து பார்த்து, ஓரத்திலிருந்து ஆரம்பித்து முழுசாகத் தின்றுவிட்டது. 'கேள்விகளை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது' என்று எழுத்தர் குறித்துக்கொண்டார். பிறகு அதன் முன்னங்காலை முத்திரை மையில் தோய்த்துத் தாளில் பதித்தார்கள். கூண்டுக்காரர்தான் பிடித்துக்கொண்டார். முயலின் இதயம் அவருடைய உள்ளங்கையில் படபடவென்று அடித்தது.

இயக்குநர் அவரைத் தனியாக அழைத்தார். "இயற்கை தப்புப் பண்ணும்ப்பா. அது பாவம், அதுக்கு மேலதிகாரி கிடையாது, கேக்க ஆளில்லை. ஆனா நாம அப்படியா? நாம ஒண்ணைச் சொன்னா அது நடக்கணும். நடக்கலேன்னா சொன்னது தப்புன்னு அர்த்தமில்லை, நடந்தது தப்புன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமை தலைவர் வர்றாரு. ஒம்பதாங் கூண்டுல கறுப்பு இருக்கணும். எப்படின்னு நான் கேக்கமாட்டேன். உன்கூட இருந்த இன்னொரு கூண்டுக்காரன் இப்போ மீன் பிரிவுல இருக்கான், தெரியுமில்லையா? இடுப்பளவு தண்ணியில."

வீட்டில் கூண்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. மனைவி என்ன என்றாள். சொன்னார்.

"இதுக்கா மூஞ்சியைத் தொங்கப்போட்டிருக்கீங்க? ஆணும் பொண்ணும் பாதிக்குப் பாதின்னுதான் ஊர் உலகமே சொல்லுது. நமக்கு மூணும் பொண்ணாத்தான் பொறந்துச்சு. எந்த ஆபீசுல வந்து யாருகிட்ட மெமோ குடுத்தாங்க?"

"அது வீடு. இது ஆபீஸ்."

"ஆமா, வீட்டுல பொறக்குறதுதான் குழந்தை. ஆபீசுல பொறக்குறது கணக்கா? சாப்பிடுங்க."

மறுநாள் காலை கண்ணாடிமுன் நின்று மீசைக்கு மை தீட்டினார். தலை போனால் போகிறது என்று விட்டுவிட்டவர், மீசையை மட்டும் விடவில்லை. ஐம்பத்தைந்து வயதில் அது முப்பது வயதாக இருந்தது. சின்னத் தூரிகை, சின்னக் கிண்ணம். தீட்டிக்கொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடிக்குள் இருந்த ஆள் அவரைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் அந்த யோசனை வந்தது. இரண்டு பேருமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, வெள்ளைக் குட்டைமுடி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு டப்பா மையைக் காலிசெய்தார். காது, முதுகு, வயிறு, நகக்கண்கூட. முயல் ஆடாமல் அசையாமல் இருந்தது. முடித்துத் தூக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தார். வெள்ளை முயலுக்குக் கண் சிவப்பு. அதற்கு எந்தக் கடையிலும் மை கிடையாது. கரிக்கட்டைக்குள் இரண்டு கங்கு மாதிரி அந்தக் கண்கள் அவரையே பார்த்தன.

வெள்ளிக்கிழமை தலைவர் வந்தார், நாடா வெட்டினார், கூண்டு கூண்டாக நடந்தார். ஒன்பதாவதன்முன் நின்றார். "கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

இயக்குநர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "இரவு பகல் பாக்காத உழைப்புங்க ஐயா. எங்க நிலையத்துல முயலே அப்படித்தான்."

தலைவர் தலையாட்டினார். பிறகு பேசினார். "நான் எத்தனையோ நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் முதலில் பார்க்கிறார்கள், பிறகு எழுதுகிறார்கள். எவ்வளவு காலவிரயம்! இங்கேதான் முதலில் எழுதிவிட்டு, பிறகும் பார்க்காமல் இருக்கிறார்கள்." கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கூண்டுக்காரரைக் கூப்பிட்டுச் சட்டையில் பதக்கம் குத்தினார். அவர் குனிந்தார். எல்லோரும் அடக்கம் என்று நினைத்தார்கள். கொட்டகை ஓரத்தில் புல் கட்டோடு நின்ற புல்லக்கா மட்டும் அவருடைய நகத்தைப் பார்த்தாள். நகக்கண்ணில் கறுப்பு. மீசைக்கு மை வைக்கிறவனுக்கு விரலில் கொஞ்சம் ஒட்டும்தான். பத்து விரலிலுமா ஒட்டும்?

அதோடு முடிந்திருந்தால் அவரும் மறந்திருப்பார். இயக்குநருக்கு ஆசை விடவில்லை. ஒன்பதாம் எண்தான் நிலையத்தின் அசல் கறுப்பு, அதற்குள் வெள்ளை துளியும் ஒளிந்திருக்கவில்லை என்று சான்றிதழ் எழுதி, தானும் கையெழுத்துப் போட்டு, தலைவரிடமும் வாங்கிவிட்டார். வளர்ந்ததும் ஒரு வெள்ளைப் பெட்டையோடு சேர்க்கவேண்டும், பிறக்கிற குட்டி அத்தனையும் கறுப்பாக இருக்கும், இப்போதே பலகை எழுதுங்கள் என்றார்.

கூண்டுக்காரர் அந்தக் கூண்டுப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிடுவார். முடி வளரும், வேரில் வெள்ளை எட்டிப்பார்க்கும், இன்றைக்கு மாட்டுவோம், நாளைக்கு மாட்டுவோம் என்றே மாதங்கள் போயின. ஆனால் எப்போது ஓரக்கண்ணால் பார்த்தாலும் ஒன்பதாம் எண் நல்ல மைக் கறுப்பாகவே இருந்தது. டப்பாவில் எழுதியிருப்பதுபோல் நிஜமாகவே உறுதியான மைதான் என்று நினைத்துக்கொண்டார். மனிதன் தனக்குச் சௌகரியமானதை எவ்வளவு சீக்கிரம் நம்புகிறான்!

எட்டாவது மாதம் வெள்ளைப் பெட்டை ஏழு குட்டி போட்டது. ஏழும் வெள்ளை. வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தால் வெள்ளைதான், அதற்குக் கட்டமே தேவையில்லை. பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பலகையில் 'கறுப்பு' என்று இருந்தது.

இந்தத் தடவை குழு தாயிடம் போகவில்லை, அனுபவம் போதும் என்று நினைத்ததோ என்னவோ. இயக்குநரே தீர்ப்பின் பாதியைச் சொல்லிவிட்டார். "தகப்பன் கறுப்பு. அதுக்குத் தலைவர் கையெழுத்து இருக்கு. அப்போ குட்டி வெள்ளையாப் பொறந்தா என்ன அர்த்தம்? வெளியிலேருந்து ஒரு வெள்ளை ஆண் முயல் கொட்டகைக்குள்ள நுழைஞ்சிருக்கு. சாயங்காலம் சாவி யார் கையில இருக்கு?"

சாவி புல்லக்கா கையில். சாயங்காலப் புல் போடுகிறவள் அவள்தான். அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு அந்த வாரம்தான் மேசைக்கு வந்திருந்தது. எழுத்தர் அதை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். திங்கட்கிழமை விசாரணை, அதன்பிறகு வேலைநீக்கம் என்று ஏற்பாடு. முன்னது வெறும் சம்பிரதாயம்.

அன்று பத்தரைத் தேநீர் வந்தபோது கூண்டுக்காரரால் குடிக்க முடியவில்லை. கிளாஸ் கையில் சுட்டது. சுட்டும் கீழே வைக்கத் தோன்றவில்லை. நேரே இயக்குநர் அறைக்குப் போனார்.

"ஐயா, ஒம்பதாம் நம்பர் வெள்ளை. நான்தான் மை அடிச்சேன்."

சொல்லிவிட்டார். குரல் நடுங்கியது. எழுத்தர் கதவைச் சாத்தினார். இயக்குநர் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"உக்காருப்பா. சிவப்புக் கண்ணுல கறுப்பு முயல் ஒலகத்துல எங்கேயாவது இருக்கா? எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். தெரியாமப் போட்டா அது கவனக்குறைவு. தெரிஞ்சு போட்டா அதுக்குப் பேரு நிர்வாகம்."

"அப்போ அந்தப் பொண்ணு..."

"அந்தப் பொண்ணு மேல தலைவர் கையெழுத்துப் போட்டிருக்காரா? இல்லையே."

"இப்பவே ஒரு ஈரத்துணி குடுங்க ஐயா, தொடைச்சுக் காட்டுறேன்."

எழுத்தர் பதறிவிட்டார். "அரசாங்கச் சொத்தோட நிறத்தை மாத்துறது குற்றம்ங்க! பதிவேட்டுல கறுப்புன்னு இருக்கு. தொடைச்சீங்கன்னா நீங்க கறுப்பு முயலை வெள்ளையாக்கினதா ஆகும்."

இயக்குநர் அன்பாக அவர் தோளைத் தட்டினார். "ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ. உண்மை பேசணும்னு தோணுறது வயசானா வர்றதுதான். தூங்கினாச் சரியாப் போயிடும்."

வெளியே வந்தவர் கொட்டகைக்குப் போனார். புல்லக்கா தன் அரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷ வேலையில் அவளுடையது என்று அங்கே இருந்தது அந்த அரிவாளும் ஒரு சீப்பும்தான்.

"தங்கச்சி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ஒம்பதாம் நம்பரு..."

"மை அடிச்சதா? தெரியும்ணே. காதுக்குப் பின்னாடி திட்டுத் திட்டா விட்டிருந்தீங்க."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மூணாவது வாரமே வேருல வெள்ளை தெரிஞ்சிடுச்சு. உங்க மையை வேற நக்கி நக்கி அதுக்கு வயித்தால போச்சு. அதான் அடுப்புக்கரியை அரைச்சு எண்ணெயில குழைச்சு நானே பூசிட்டேன். அது ஒட்டுறதில்லை, வாரத்துக்கு ரெண்டு தடவை பூசணும்."

"எட்டு மாசமாவா?"

"எட்டு மாசமாத்தான்."

"ஏம்மா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்கதான் கூண்டுப் பக்கமே வர்றதில்லையே." சீப்பிலிருந்த முடியை உருவி எறிந்தாள். "மூணு பொண்ணு வச்சிருக்கீங்க. மூணு வருசம் சர்வீஸ் மிச்சம். மாட்டினா மீன் பிரிவு, இடுப்பளவு தண்ணி. உங்களுக்கு வேற மூட்டுவலி. போகட்டும் விடுங்க, இதெல்லாம் ஒரு பேச்சா?"

கோபித்திருந்தால் தாங்கியிருப்பார். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தால், வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பார். மூட்டுவலியை ஞாபகம் வைத்திருந்தாளே, அதுதான் அவரை அடித்துப்போட்டது. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஒன்பதாம் எண் சிவப்புக் கண்ணால் பார்த்தது. அதன் கழுத்தோரம் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை தெரிந்தது. இந்த வாரம் அவள் பூசவில்லை.

திங்கட்கிழமை விசாரணை. கூண்டுக்காரர் வந்து நின்றபோது எழுத்தருக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. மீசை நரைத்திருந்தது. இரண்டு நாளும் சவுக்காரம் போட்டுக் கழுவியிருக்கிறார். மேலுதடு ரணமாகச் சிவந்திருந்தது.

"ஐயா, சாவி அன்னைக்கு எங்கிட்டதான் இருந்துச்சு. வெளி முயலை உள்ளே விட்டது நான்."

அறையில் காற்று லேசானது. இயக்குநரின் முகம் மலர்ந்தது. பதிவேட்டில் செருகக்கூடிய ஒன்றை முதல்முறையாக ஓர் ஊழியன் சொல்கிறான். "நல்லா யோசிச்சுச் சொல்றியா?"

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

உண்மையைச் சொன்னபோது நடுங்கிய குரல் இப்போது மணி அடித்தாற்போல் வந்தது. அதைக் கேட்டு அவருக்கே கூச்சமாக இருந்தது.

எழுத்தர் பேனாவைத் திறந்தார். "வந்த முயலோட நிறம்?"

"வெள்ளை."

"கண்?"

"சிவப்பு."

"கால் எத்தனை?"

கூண்டுக்காரர் சுவரிலிருந்த பதினாறு கட்டத்தை ஒருமுறை பார்த்தார்.

"மூணு."

யாரும் சிரிக்கவில்லை. எழுத்தர் 'மூன்று' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, தலையை நிமிர்த்திக் கேட்டார்: "இல்லாதது முன்னங்காலா, பின்னங்காலா?"

"பின்னங்கால், எடப்பக்கம்."

"அப்படிச் சொல்லுங்க, விவரமா இருந்தாத்தான் கோப்பு நிக்கும்" என்று இயக்குநர் பாராட்டினார்.

கோப்பு மூடப்பட்டது. பதக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மீன் பிரிவில் அந்த மாதம் தண்ணீர் இல்லாததால் அங்கே அனுப்ப வழியில்லை. அதனால் கூண்டுக்காரரைப் பதவி இறக்கி, தற்காலிகமாகப் புல்லறுக்கப் போட்டார்கள். புல்லக்காவுக்கு நிரந்தர உத்தரவு இழுப்பறையிலிருந்து வெளியே வந்தது. கூண்டுப் பொறுப்பும் அவளுக்கே. அதில் கடமைகள் என்ற தலைப்பின் கீழே கடைசி வரியாக, 'ஒன்பதாம் எண்ணின் நிறப் பராமரிப்பு, வாரம் இருமுறை' என்று தட்டச்சு செய்திருந்தது. வாசல் சுவரில் மூன்று கால் வெள்ளை முயலைப் பார்த்தவர்கள் தகவல் தரவும் என்று ஓர் அறிவிப்பும் ஒட்டினார்கள். அது இன்னும் இருக்கிறது.

மறுநாள் பத்தரைக்குத் தேநீர் வந்தது. தட்டில் பதினாறு கிளாஸ். எழுத்தர் பட்டியலைப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொடுத்தார். சூடாக, சர்க்கரையோடு வந்ததைப் புல்லக்கா கையில் கொடுத்தார். ஆறிப்போன, சர்க்கரையில்லாத அந்த ஒன்று கூண்டுக்காரருக்கு வந்தது. அவர் கொட்டகை ஓரத்துக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டார். பழைய பழக்கம், ஆனால் இப்போது யார் பார்த்துவிடக்கூடாது என்று நிற்கிறார் என்பது அவருக்கே தெரியவில்லை. ஒரு வாய் குடித்தார். பன்னிரண்டு வருஷம், தினம் ஒரு கிளாஸ். விழுங்குவதற்கு நேரமாயிற்று.

பக்கத்தில் நிழல் விழுந்தது. அவர் நிமிரவில்லை.

"கிளாஸை நீட்டுங்கண்ணே."

"வேணாம்மா. அது உன்னோடது."

"நீட்டுங்கன்னா."

நீட்டினார். அவள் தன்னுடையதில் பாதியை அதில் ஊற்றினாள். பிறகு அவருடையதிலிருந்து கொஞ்சம் தன்னுடையதில் ஊற்றிக்கொண்டாள். இரண்டு கிளாஸிலும் ஒரே நிறம், ஒரே அளவு. குடித்தார். வெதுவெதுப்பாக இருந்தது. அரைத் தித்திப்பு.

தலைமை எழுத்தர் பட்டியலோடு ஓடிவந்தார். "என்ன பண்றீங்க? என்ன பண்ணிட்டீங்க? இப்போ இதை நான் எந்தக் கட்டத்துல போடுறது?"

கூண்டுக்காரர் தரையைப் பார்த்தபடியே மிச்சத்தையும் குடித்து முடித்தார்.